ஆனா

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில்
செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே
மூன்றடி அகலத்தில் என் கடை.
ரீசார்ஜ், கவர், மெமரி கார்டில் பாட்டு.
இரண்டு ஜிபி முப்பது ரூபாய்.
கேட்டதை எல்லாம் ஏற்றுவேன்,
கேட்காததில் ஒன்றும்.
கேட்காத அந்த ஒன்று
எம்.சி. சாத்து.

வீட்டில் வைத்த பெயர் சாத்தையா.
செக்காலைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில்
ஹெட்போன் மைக்கில் கர்சீப்பைச் சுற்றி
மூச்சிரைக்கப் பேசிய பாட்டு.
பென் டிரைவை நீட்டினான்:
"சும்மா போட்டு விடுண்ணே."

தெருவுக்கு நூறு பூட்டு
சாவியெல்லாம் சிங்கப்பூரு
காவலுக்கு எங்கப்பன்
கதவுமேல எவன் பேரு
ஆனா

அங்கே நின்றுபோகும்.
இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி.
அன்று காப்பி ஓடும்போது கரண்ட் போய் வந்தது.
பாதியில் அறுந்திருக்க வேண்டும்.
பென் டிரைவை அவன் வாங்கிப் போய்விட்டான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
அறுந்ததையே ஏற்றினேன்,
புதுவயல் அரிசி ஆலைக்கு,
கோட்டையூர் ஹாஸ்டலுக்கு,
ரஸ்தா வழி மினி பஸ்ஸுக்கு.
நாலாயிரம் போன் இருக்கும். கணக்கு யார் வைத்தார்?
மினி பஸ்ஸில் "ஆனா" வந்ததும்
கடைசி சீட்டுப் பையன்கள்
ஆளுக்கொரு மிச்ச வரி கட்டுவார்கள்.
பெரும்பாலும் கெட்ட வார்த்தை.

பிறகு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார், டை கட்டி.
காலர் டியூனுக்கு முப்பது நொடி போதுமாம்.
அப்பன் இருந்த வரி வெளியே போனது.
மூவாயிரம் ரூபாய், மூன்று கையெழுத்து.
அந்த வருடம் கடன்காரன் போன் போட்டாலும்
கடன்காரன் காதில் சாத்தையாதான் பாடினான்,
எடுக்காமல்.

கம்பெனி போயிற்று. டை போயிற்று.
யூடியூப்பில் தேடினோம். இருந்தது.
எவனோ ஏற்றியிருந்தான், சிங்கம் படம் ஒட்டி.
பதினெட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்
அந்தச் சிங்கத்தை.
"நான்தான் பாடினேன்" என்று கீழே எழுதினான்.
சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.
மறுநாள் லோடு ஆட்டோவுக்கு முன்பணம் கட்டப் போனான்.

போன தையில், திடீரென்று,
கறுப்புக் கண்ணாடி போட்ட மணப்பெண்கள் எல்லோரும்
வாடகைக்கு எடுத்த பெரிய வீட்டு வாசலில் இறங்கி
சாவியெல்லாம் சிங்கப்பூரு!
ஏழு நொடி.
வேகத்தைக் கூட்டி அணில் குரலாக்கியிருந்தார்கள்.
"யார்ணே இது?" என்று அவனே கேட்டான் என்னிடம்.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்கு
அணிலைத் தேடிப் பிடித்துவிட்டார்கள்.
ஐயாயிரம், சாப்பாடு, ஒரு கோட்டும் கொடுத்தார்கள்.
நானும் போனேன்.
ஏழு நொடிக்கு முன்னூறு போன் உயர்ந்தது.
எட்டாவது நொடியில்
பந்தியில் இலை மூடுவதைப் போல
ஒவ்வொன்றாக மடங்கியது.
அவன் நிறுத்தவில்லை.
அந்தக் கனத்த குரலில், தன் வேகத்தில்,
காவலுக்கு எங்கப்பன் என்றபோது
கேட்டோரம் ஸ்டூலில் இருந்த வாட்ச்மேன் மட்டும்
தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து எழுந்தார்.
கதவுமேல எவன் பேரு
ஆனா
என்று சொல்லி நின்றான்.
டிஜே அடுத்த பாட்டைப் போட்டான்.

ஆட்டோவில் ஸ்பீக்கர் ஏற்றும்போது சொல்லிவிட்டேன்.
அன்று கரண்ட் போனது,
பாட்டை அறுத்தது நான்தான் என்று.
கயிற்றை இழுத்துக் கட்டியபடியே சிரித்தான்.
"கரண்ட்டா? மணிக்கு இருபது ரூபாய்ண்ணே அந்தக் கடை.
அந்த இடத்துல மணி முடிஞ்சிருச்சு.
சிஸ்டத்த அவனே அணைச்சுட்டான்."
அப்புறம்?
"அப்புறம் எழுதல."

பதினைந்து வருடமாக
அந்தப் பிழை என்னுடையது என்று இருந்தேன்.
இல்லையாம்.
நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும்.
பள்ளத்தூர் தாண்டும் வரை
பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
அந்தப் பாட்டில் எனக்கென்று இருந்தது
அந்த ஒரு இடம்தான்.